பாறையம்மன் பார்க்காத லாரி

போன மாசம் என் பையன் ஒரு வண்டி எடுத்தான். சாதாரண வண்டி இல்லை. வாசலில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் நிழலில் நாற்காலி போட்டு உட்காரலாம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். ஆறானாலும் பாறையானாலும் ஏறுமாம். அவன் செய்வது கம்ப்யூட்டர் வேலை. அதற்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு வெறும் கல்லாகக் கிடக்கிற ஒரு மலைப்பாதைக்குப் போனான். வழியில் ஒரு பாறை குறுக்கே வந்தது. அவன் யோசிக்கவே இல்லை, ரிவர்ஸில் போட்டுவிட்டான்.

"பின்னால எடுக்காதடா" என்று கத்திவிட்டேன்.

"ஏம்ப்பா? கேமரா இருக்கு. பின்னாடி எல்லாமே தெரியுது பாருங்க."

கேமராவில் எல்லாம் தெரியத்தான் செய்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கே வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், என் டிப்பர் லாரி ஜல்லி கொட்டாத தெருவைக் காட்டச் சொல்லுங்கள். குத்தம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்டு எழும்பியதே, அங்கே கொட்டின மண்ணில் என் வண்டி மண்ணும் கிடக்கிறது. ஒருத்தன் கையை எதிர்பார்க்காமல் மேலே வந்தவன் நான். இன்ஜினியர் படித்தவனெல்லாம் என் ஆபீசில் நின்றுகொண்டுதான் பேசுவான். லாரியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். நான் இப்போது சொல்லப்போகிற லாரி ஓட்டத்தை எடைபோட அவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. ஏழு வயசு.

அப்போது கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமே வயல்தான். நைனாவின், அதாவது என் அப்பாவின், அண்ணன்மார் சேற்றில் இறங்கினார்கள். நைனா மட்டும் சின்ன வயசிலேயே கல் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகிவிட்டார். அவர் ஒருநாள் தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டு, பட்டாளத்தில் கழித்துப்போட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். பச்சை நிறம், நீண்ட மூக்கு. கதவு இருக்கவேண்டிய இடத்தில் கான்வாஸ் துணி. டயர் என் உயரம் இருந்தது. முன்சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கென்று கியருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு லிவர், அதன் தலையில் சிவப்புக் குமிழ். அந்தக் குமிழைத் தொடுவதற்காகவே நான் மூன்று வேளையும் லாரியில் ஏறி இறங்கினேன்.

ஊர் சிரித்தது. "நெலத்த வித்து இரும்பு வாங்கிகினு வந்துகீறான்" என்றார் பெரியப்பா, எங்களுக்குக் கேட்கிற மாதிரியே. கல் குவாரிக்கு ஓட்டத்தான் வாங்கினார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் வேறு. எங்கள் குலதெய்வம் பாறையம்மன். ஊத்துக்கோட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லையில் ஒரு மலைமேல் பாறையாகவே இருக்கிறாள். மஞ்சள் பூசி, வெள்ளியில் கண் வைத்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண் உண்டானால், அஞ்சாம் மாசத்தில் மேலே போய்த் தன் கையாலேயே பச்சைக் கண்ணாடி வளையல்களை அம்மன் சூலத்தில் கோத்துவிட்டு வரவேண்டும். என் விஷயத்தில் அம்மா அதை ஒழுங்காகச் செய்தாள். நான் எப்படி வந்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். எனக்கு அடுத்து உண்டான இரண்டு தடவையும் அம்மாவால் மலை ஏற முடியவில்லை, உடம்பு இடம் கொடுக்கவில்லை. இரண்டும் தங்கவில்லை. வளையல் போடாததுதான் காரணம் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவும் அதையே நம்பினாள்.

லாரி வந்தபோது அம்மாவுக்கு மறுபடியும் அஞ்சாம் மாசம். அதிகம் நடக்கக்கூடாது, படுத்தே இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நடக்கக்கூடாது, ஆனால் மலைக்குப் போகவேண்டும். ரெண்டையும் வைத்துக்கொண்டு நைனா எத்தனை நாள் யோசித்தாரோ. அந்தப் பாதையில் ஏறுகிற வண்டி ஒன்றுதான் வழி என்று முடிவு செய்து நிலத்தை விற்றிருக்கிறார்.

இந்தப் பேச்செல்லாம் சின்னப் பசங்கள் காதில் விழக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா ஏன் எப்பவும் படுத்திருக்கிறாள் என்று கேட்டால் "முதுகு வலி" என்பார்கள். மலைக்கு ஏன் போகிறோம் என்று கேட்டதற்கு, "வண்டிய அம்மனுக்குக் காட்டணும்டா" என்றார் நைனா. அதுவும் பொய் இல்லை. புது வண்டிக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, முதல் உருட்டு முன்பக்கமாகத்தான் போகவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்ப்பதுதான். நைனா அதை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"அம்மன் மொகத்துல முழிக்கிற வரைக்கும் இந்த வண்டி பின்னால போவாது" என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டார்.

சொன்னபடியே நடந்தார். எங்கள் சந்தில் நுழைந்தால் பின்னால் எடுத்துத்தான் வெளியே வரமுடியும் என்பதால், லாரி தூரத்தில் மைதானத்தில் நின்றது. ஒரு தடவை குறுகலான தெருவில் எதிரே மாட்டு வண்டி வந்துவிட்டது.

"இன்னாப்பா, உனுக்குப் பின்னால அவ்ளோ எடம் கீது. எடுத்தா இன்னா?" என்றார் வண்டிக்காரர்.

"சாமி வேண்டுதல்ணே."

"உன் வேண்டுதலுக்கு என் மாடு பின்னால போவணுமா?"

கடைசியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, நைனாவும் மாமாவுமாக அந்த வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாய் ஓயாத ஆள். "மச்சான், இது சண்டையில முன்னால போன வண்டியா, திரும்பி ஓடியாந்த வண்டியா?" என்று கேட்டார்.

"முன்னால போன வண்டி" என்றார் நைனா.

"அப்ப ரிவர்ஸ் கியரு துருப்புடிச்சிருக்கும். வேண்டுதலுக்கு வசதி."

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. அந்த விதியை நான் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். லாரிக்கு நானே காவல் என்கிற நினைப்பு.

ஐப்பசி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. மேகம் அப்படியே இறங்கி நின்றது. முன்னால் நைனா, நடுவில் அம்மா, ஓரத்தில் அத்தை. அத்தை நைனாவின் அக்கா. அம்மாவுக்குக் கீழே பழைய போர்வைகளை மடித்துப் போட்டிருந்தார்கள். அத்தை மடியில் பித்தளைத் தவலை, அதில் பொங்கலுக்குப் பச்சரிசி. அந்த அரிசிக்குள்தான் வளையல்களைப் புதைத்து வைத்திருந்தாள், குலுக்கலில் உடையாமல் இருக்க. பின்னால் நானும் மாமாவும். கேபினுக்குப் பின்பக்கம் கண்ணாடி இல்லாத ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதில் முகத்தை வைத்துக்கொண்டால் சிவப்புக் குமிழ் தெரியும். அம்மாவின் கையும் தெரியும். எதிரே இருந்த இரும்புக் கம்பியை அவள் பிடித்திருந்தாள்.

அடிவாரத்தில் நின்ற ஆட்டுக்காரர் ஒருவர், "மேல வண்டி போவாதே" என்றார்.

"இது போவும்" என்றார் நைனா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றைக்கும் யாராவது ஒரு வேலையை ஆகாது என்றால், நான் அந்த மாதிரியேதான் "ஆவும்" என்பேன். குரலைக்கூட உயர்த்தமாட்டேன்.

சிவப்புக் குமிழை நைனா இழுத்தார். லாரி வேறு மாதிரி உறுமியது. பாதை என்று அங்கே ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி மண் போய், கல் மட்டும் எலும்பு மாதிரி நின்றது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் சரிவு. நடுவில் லாரி அகலத்துக்கு இடம், அதற்குமேல் ஒரு சாண் கூடக் கிடையாது. ஒவ்வொரு கல்லிலும் முன்சக்கரம் ஏறும், மூக்கு வானத்தைப் பார்க்கும், பிறகு தடால் என்று இறங்கும். இறங்கும்போதெல்லாம் அம்மாவின் விரல்கள் வெளுத்தன. நைனா லாரியை ஓட்டவில்லை, கையில் தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு நடக்கிறவர் மாதிரி நகர்த்தினார். ஆனாலும் கல் கல்தான், லாரி லாரிதான்.

ஓர் இடத்தில் டயர் வழுக்கி, லாரி கொஞ்சம் பின்னால் வந்தது.

"நைனா, பின்னால போவுது" என்று கத்தினேன்.

"உருண்டதெல்லாம் கணக்குல வராதுடா. கியர்ல போட்டாத்தான் கணக்கு" என்று மாமா தீர்ப்பு சொல்லிவிட்டு, குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாதி மலைக்குமேல் ஏறிவிட்டோம். மேலே அம்மன் பாறையும் அதில் கட்டியிருந்த மஞ்சள் துணியும் தெரிந்தன. அந்த இடத்தில்தான் பாதைக்குக் குறுக்கே படி மாதிரி ஒரு பாறை கிடந்தது. தூறல் பட்டு மினுமினுத்தது. நைனா ஏற்றினார். முன்சக்கரம் தொற்றியது, பிடிக்கவில்லை. மாமா கல்லை அடுக்கினார். மறுபடி ஏற்றினார். ரப்பர் கருகும் வாசனை வந்தது. சக்கரம் பாறையில் பாதி ஏறி, அப்படியே கீழே விழுந்தது. அந்த விழுகையில் அம்மா கம்பியை விட்டுவிட்டாள்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் உட்கார்ந்திருந்த போர்வையைப் பார்த்தாள்.

"தம்பி, போதும். நிறுத்து."

"இன்னும் ஒரு வாட்டிக்கா. ஏறிடும்."

"நிறுத்துன்றேன்ல. கீழ எறக்கு."

நைனா திரும்பினார். அவரும் போர்வையைப் பார்த்தார். என் ஜன்னலிலிருந்து போர்வை தெரியாது, அவர் முகம்தான் தெரிந்தது. லாரி பாறையில் ஏறவில்லையே என்கிற வருத்தம் என்று நினைத்தேன்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. குரல் மெதுவாக வந்தது. "அதோ தெரியுதே கோயிலு. வளையலப் போட்டுட்டு போயிர்லாம்."

"திரும்ப எடம் இல்லக்கா" என்றார் நைனா, அம்மாவுக்குப் பதில் சொல்லாமல்.

"அப்ப பின்னால எடு."

"வாணாம்" என்றாள் அம்மா. நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பின்னால மட்டும் எடுக்காதய்யா. இன்னா வேண்டிகினு வந்தோம்? என்னத் தூக்கிகினு போ. மேல போயி போட்டுட்டு வந்துர்லாம். பின்னால எடுக்காத."

என் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெம்பாக இருந்தது. நானும் ஜன்னலில் வாயை வைத்து, "ஆமா நைனா, எடுக்காத" என்றேன்.

நைனா அம்மாவின் கையை மெதுவாக எடுத்து அத்தை கையில் கொடுத்தார். "மச்சான், பின்னால போயி நில்லு" என்றார் மாமாவிடம். கியரை மாற்றினார். துருப்பிடிக்கவில்லை, சுலபமாகவே விழுந்தது.

லாரி பின்னால் போனது.

இப்போது லாரிக்காரனாகப் பேசுகிறேன். அவ்வளவு பெரிய வண்டியை, சரிவு ஒரு பக்கம் இருக்க, ஈரக் கல்லில், அந்தப் பாதை முழுவதும் ரிவர்ஸிலேயே இறக்குவது என்பது என்னிடம் வேலை பார்த்த டிரைவர்களில் ஒருத்தனாலும் ஆகாது. என்னாலும் ஆகாது. இதை நான் சொல்வது லேசான விஷயம் இல்லை. நைனாவின் பக்கம் இருந்த கண்ணாடி விரிசல் விட்டது, பார்க்க உதவாது. கான்வாஸைக் கிழித்து எறிந்துவிட்டு, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, கழுத்தைத் திருப்பியபடியே இறக்கினார். ஒரு கையில் ஸ்டீயரிங். ஏறும்போது இடித்த கல்லில்கூட இறங்கும்போது இடிக்கவில்லை. ஒவ்வொரு கல்லிலும் சக்கரத்தைக் கையால் தூக்கி வைப்பது மாதிரி வைத்தார். மாமா பின்னால் நடந்துகொண்டே, "வா, வா, நில்லு. ஒடிச்சி வா. நில்லு" என்றார். வழி முழுவதும் அதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கேலி இல்லை. மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று அது ஒன்றைத்தான் நான் கவனித்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. லாரியின் மூக்கு அம்மனைப் பார்த்தபடியே இருந்தது. பார்த்தபடியே தூரம் தூரமாகப் போனது. மஞ்சள் துணி சின்னதாகி, மேகத்தில் மறைந்துவிட்டது. எங்கள் நைனா ஒரு பாறைக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அடிவாரத்தில் அந்த ஆட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று முகத்தை மூடிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. ஓடிப்போய் ஆடுகளை வழியிலிருந்து விரட்டிவிட்டார்.

ஊத்துக்கோட்டையில் ஆஸ்பத்திரி வாசலில் லாரி நின்றது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு நைனா உள்ளே போனார். அத்தை அந்தப் போர்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். தவலை சீட்டில் இருந்தது. மாமா எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து, லாரியிலேயே இருக்கச் சொன்னார். சிவப்புக் குமிழை யாரும் திட்டாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிடிக்கத் தோன்றவில்லை.

அம்மா சில நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாள். முதுகு வலி அதிகமாகிவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். இந்தத் தடவை லாரி எங்கள் சந்துக்குள்ளேயே வந்து நின்றது. விதிதான் போய்விட்டதே.

தெருப் பசங்கள் விடவில்லை. "டேய், உங்க நைனா பயந்துகினு ரிவர்ஸ்லயே ஊடு வந்துட்டாராமே" என்றான் ஒருத்தன். "முன்னால ஓட்டத் தெரியாதாடா?" என்றான் இன்னொருத்தன். அடித்தேன், அடி வாங்கினேன். நானே நம்பாத ஒன்றுக்காகச் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது.

ஒரு மத்தியானம் வீட்டுக்குள் வந்தேன். அத்தை தரையில் உட்கார்ந்து பொங்கல் தவலையை முறத்தில் கவிழ்த்தாள். அரிசியை எத்தனை நாள் அப்படியே வைத்திருப்பது, உலையில் போட்டுவிடலாம் என்று எடுத்திருக்கிறாள். அரிசியோடு சேர்ந்து பச்சை வளையல்கள் சலசலவென்று கொட்டின. அத்தை அவற்றை மறந்தே போயிருந்தாள் போலிருக்கிறது. கையை வாய்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பசங்களுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான். யார் ஓட்டினால் கண்ணாடி வளையல் இப்படித் தப்பிக்கும்? எந்த ஊர் டிரைவர் இப்படி ஓட்டுவான்? முதலில் அம்மாவிடம்தான் காட்டவேண்டும் என்று தோன்றியது. லாரி அம்மனைப் பார்க்காமல் திரும்பியதில் என்னைவிட வருத்தப்பட்டவள் அவள்தானே.

அத்தை என் சட்டையைப் பிடித்தாள். நழுவிக்கொண்டு ஓடினேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நைனா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இத பாரேன். அவ்ளோ பாறையில போய்ட்டு வந்தோமே, ஒண்ணுகூட ஒடையல. நம்ம நைனா மாதிரி யாராலயும் ஓட்ட முடியாதும்மா."

அம்மா திரும்பினாள். இரண்டு கைகளையும் நீட்டி வளையல்களை வாங்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பும்போது அவை கலகலவென்று பாயில் சரிந்தன. அப்போதும் ஒன்றும் உடையவில்லை.

"பாத்தியா" என்றேன்.

நைனா எழுந்தார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, லாரி நின்ற பக்கமாக வேகமாக நடந்தார். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிட்டேன், அந்தப் பெருமை தாங்காமல்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.